எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது?

எங்கள் வீட்டு மாடியில் நின்றால் மேற்கே மலை தெரியும். கீழ்பென்னாத்தூர்க்காரர்களுக்கு இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மலை மேல் மேகம் கட்டினால் நெல்லைக் காயப்போடாதே, வெறிச்சென்று இருந்தால் போடு. அவ்வளவுதான் எங்களுக்கும் அண்ணாமலையாருக்கும் அன்றாடத்தில் இருக்கிற கொடுக்கல் வாங்கல். கிரிவலத்துக்கு உலகமே வந்து குவிகிற பௌர்ணமியில் எங்கள் ஊர் ஆட்கள் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை என்று திட்டிக்கொண்டு நிற்பார்கள்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் வேறு. கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரே மாடியேறி மேற்கே பார்த்து நிற்கும். அங்கே கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து ஆடிவிட்டு உள்ளே போகிற அந்தச் சில நிமிஷத்தில், 2,668 அடி உயரத்தில் கொப்பரையில் நெருப்பு வைப்பார்கள். இங்கிருந்து பார்த்தால் நெற்றிப் பொட்டு அளவு. அந்தப் பொட்டைப் பார்த்த பிறகுதான் அம்மா வாசலில் அகலைக் கொளுத்துவாள். அதற்கு முன்னால் தீப்பெட்டியைத் தொட்டால் அடி விழும். மலைதான் முதலில், வீடு அப்புறம்.

1999-இல் அரை காணியை அடமானம் வைத்து சிங்கப்பூருக்குப் போனேன். கம்பி கட்டும் வேலை. போன மூன்றாம் மாசம் கார்த்திகை வந்தது. நான் ஊரில் பக்திமான் கிடையாது. கறுப்புச் சட்டை போட்ட மாமா ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவன், திருநீறு வைக்கச் சொன்னால் வம்பு பேசுவேன். ஆனால் அன்றைக்கு வேலை முடிந்து டார்மெட்டரி வாசலில் உட்கார்ந்தபோது கை காலெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எந்தப் பக்கம் பார்ப்பது? அறையில் கூடத் தங்கியிருந்த ராமநாதபுரத்து அண்ணனிடம் கேட்டேன். "சாமியக் கும்பிடத் திசையாடா, உங்க ஊரு பாய்மார் மாதிரி கேக்குற?" என்று சிரித்தார். அவர் ஊரில் மலை இல்லை, அவருக்குப் புரியாது.

நேரக் கணக்கு போட்டேன். ஊரில் ஆறு என்றால் அங்கே எட்டரை. போன் கார்டைச் சுரண்டி, பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். பின்னால் வெடிச் சத்தம் கேட்டது. "மலையில ஏத்தியாச்சுடா, நீயும் கும்பிட்டுக்கோ" என்றாள். டார்மெட்டரியில் நெருப்புக் கொளுத்தக் கூடாது, பிடித்தால் அபராதம். போனைக் காதில் வைத்துக்கொண்டு, எதிரே நின்றிருந்த கிரேனின் உச்சியில் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்துக் கும்பிட்டேன். மாமா பார்த்திருந்தால் என்னைத் தலைமுழுகியிருப்பார்.

சொல்ல வந்தது இதைத்தான். ஊரில் சாமி என்பது நமக்கு வாய்த்தது. தெரு, பாஷை, பங்காளி மாதிரி அதுவும் பிறக்கும்போதே கூட வந்துவிடுகிறது. வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் சொல்ல அதில் இடமே இல்லை. வேண்டாம் என்று சொன்ன என் மாமாவும் அந்தத் தெருவுக்குள் நின்றுதான் சொன்னார். ஊரை விட்டுப் போனவனுக்குத்தான் முதல்முறையாக, இதை வைத்துக்கொள்வதா விடுவதா என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள்.

என் பதில் எனக்கே வேடிக்கையாக இருந்தது. சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமை திரிந்துகொண்டிருந்தபோது யாரோ, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் பாரதம் நடக்கிறது என்றார்கள். எந்தப் பாரதம் என்று போய்ப் பார்த்தால் எங்கள் பாரதம்! அர்ச்சுனன் தபசு, அரவான் களப்பலி, கடைசியில் தீமிதி. ஊரில் பங்குனி, சித்திரையில் வயல் காய்ந்து கிடக்கும்போது நடக்கிற அக்னி வசந்த விழா, அங்கே ஆடியில் தொடங்கி ஐப்பசியில், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் முடிகிறது. ராத்திரி ராத்திரியாகக் கூத்து பார்த்து, விடியலில் துரியோதனன் படுகளத்தில் மண்ணால் செய்து படுக்கப்போட்ட அந்தப் பெரிய உடம்பைச் சுற்றி ஓடி விளையாடியவன் நான். திரௌபதி சபதம் முடித்துக் கூந்தல் முடிகிறபோது பெண்கள் அழுவதைப் பார்த்துச் சிரித்தவன்.

அந்தக் கோயில் 1827-இல் தொடங்கியது. ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை கட்டியது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1840-களிலிருந்து தீ மிதிக்கிறார்கள். மாரியம்மன் கோயிலுக்குள் திரௌபதிக்குத் தனிச் சந்நிதி. தீமிதி அன்றைக்குச் சிராங்கூன் ரோட்டு சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து நாலு கிலோமீட்டர் நடந்து வருகிறார்கள். அண்ணன் வீட்டிலிருந்து தங்கச்சி வீட்டுக்கு நடக்கிறோம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கூட ஆயிரக்கணக்கான ஆண்கள், எல்லாரும் மஞ்சள் துணி, கையில் வேப்பிலை.

மூன்றாவது வருஷம் நானும் மிதித்தேன். நம்பிக்கை வந்துவிட்டதா என்றால், பொய் சொல்ல மாட்டேன், அதுவல்ல முதலில் வந்தது. சைட்டில் என் பெயர் ஒரு நம்பர். அட்டையில் இருக்கும் நாலு இலக்கம். அந்தக் கோயில் வரிசையில் மட்டும்தான் முன்னால் நின்றவர் திரும்பி, "தம்பி, நமக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் விரதம் இருக்கலாம் என்று தோன்றியது. விரதம் இருக்க இருக்க மற்றதெல்லாம் பின்னால் வந்தது. உடம்பு முதலில் கும்பிட்டது, மனசு அப்புறம் வந்து சேர்ந்துகொண்டது.

அந்த வருஷம் எனக்குப் பின்னால் வந்தவன் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன். பெயர் வேண்டாம். காலனிக்காரன். ஊரில் இருந்தபோது இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் வந்திருக்கிறோம், பேசியதில்லை. சிங்கப்பூரில் ஒரே அறை, ஒரே குக்கர். தீக்குழி தாண்டி, பால் ஊற்றி வைத்திருந்த பள்ளத்தில் காலை வைத்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான். கால் சுட்டுவிட்டதோ என்று நினைத்தேன். "இல்லடா, நம்மூர்ல இந்தக் குழிய நான் எட்டத்துல நின்னுதான்டா பாத்துருக்கேன்" என்றான்.

2012-இல் நான் ஊருக்குத் திரும்பினேன், அவன் அடுத்த வருஷம். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் விழா நடந்தபோது இரண்டு பேரும் காப்புக் கட்டலாம் என்று போய்க் கேட்டோம். என்னிடம் வரி எவ்வளவு என்று சொன்னார்கள். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதுதான் பதில். நான் காப்புக் கட்டவில்லை. இதை நான் செய்த தியாகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆத்திரத்தில் செய்தது. 2023 ஜூனில் விழுப்புரத்துப் பக்கம் மேல்பாதியில், தலித் மக்கள் உள்ளே வந்ததைப் பற்றிய தகராறில், ஒரு திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். செய்தியைப் பார்த்ததும் அவனுக்குப் போன் செய்தேன். "விடுடா, நான் அங்க நடந்துட்டேன், போதும்" என்றான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபவீட்டுக்குப் போகிறான். ஏன் என்று நான் கேட்கவில்லை. வெளிநாட்டில் சாமி கிடைத்து, ஊருக்கு வந்து அதே சாமியை இழந்த ஒருத்தனிடம் எப்படிக் கேட்பது?

கொண்டுவந்த பணத்தில் ஒரு கார் வாங்கினேன். சென்னை ஏர்போர்ட்டிலிருந்து திருவண்ணாமலைக்கு வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிவருவதுதான் பத்து வருஷத்துக்கு மேலாக என் பிழைப்பு. திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர், அப்புறம் மலை. செஞ்சி தாண்டியதும் கண்ணாடியில் பார்ப்பேன். மலை தெரிய ஆரம்பிக்கிற இடத்தில் சிலர் கையெடுப்பார்கள், சிலர் கண்ணை மூடுவார்கள், ஒரு அம்மா ஒவ்வொரு தடவையும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நிற்பார். நெல் காயப்போட நான் பார்க்கிற அதே மலை.

இவர்களைக் கிண்டல் செய்வது எங்கள் ஸ்டாண்டில் வழக்கம். காவி கட்டிய வெள்ளைக்காரர் என்றாலே ஒரு சிரிப்பு. நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்த மலையின் பெரிய சாமியார்களில் பாதிப் பேர் வெளியூர்தான். விரூபாட்ச தேவரும் குகை நமசிவாயரும் கன்னடச் சீமையிலிருந்து வந்தவர்கள். சேஷாத்ரி சுவாமிகள் காஞ்சிபுரத்துப் பக்கம். யோகி ராம்சுரத்குமார் கங்கைக் கரையிலிருந்து வந்து 1959-இல் இங்கே தங்கினார். ரமணர் 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி மதுரையிலிருந்து பதினாறு வயதில் வந்து இறங்கியவர், 1950-இல் மறையும் வரை இந்த மலையை விட்டு நகரவே இல்லை. மலையைக் கண்டுபிடிக்க மலையிலிருந்து தள்ளிப் பிறக்க வேண்டும் போலிருக்கிறது. (அருணகிரிநாதர் உள்ளூர் என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். ஒப்புக்கொள்கிறேன்.)

வண்டியில் உட்கார்ந்து காத்திருக்கிற நேரத்தில் ரமணர் ஆசிரமத்துப் புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்தேன். பால் பிரண்டன் 1934-இல் எழுதிய புத்தகம்தான் வெள்ளைக்காரர்களுக்கு ரமணரைக் காட்டியது. அடுத்த வருஷமே மேஜர் சாட்விக் வந்தார். பட்டாளத்து ஆள். வந்தவர் திரும்பவில்லை, 1962-இல் இங்கேயே அடங்கினார். வெள்ளைக்காரர்கள் சடங்கு சம்பிரதாயத்தை விட்டுவிட்டுச் சும்மா இருக்க வருகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இவர் தலைகீழ். ரமணர் மறைந்த பிறகு, அவருடைய தாயார் சந்நிதியில் ஸ்ரீசக்ர பூஜை முறையாக நடக்க வேண்டும் என்று வற்புறுத்தி 1953-இல் நடக்கவைத்தவர் இந்த இங்கிலாந்து மேஜர். நாம் அலட்சியமாக விடுகிற இடத்தில் வந்தவன் கறாராக இருக்கிறான். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் என்னைவிடக் கறாராக விரதம் இருந்தவர்கள் நாலாம் தலைமுறை சிங்கப்பூர்க்காரர்கள்.

ஆர்தர் ஆஸ்பார்ன் கதை இன்னும் கனமானது. பாங்காக்கில் பேராசிரியர். யுத்தம் வந்தது. மனைவி லூசியாவும் மூன்று பிள்ளைகளும் திருவண்ணாமலையில், அவர் சயாமில் ஜப்பான்காரர்களின் முகாமில். 1945-இல்தான் வந்து சேர்ந்தார். நாலு வருஷம் ஒரு போலந்துக்காரப் பெண்மணி, புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் மூன்று குழந்தைகளோடு இந்த வெயிலில் காத்திருந்திருக்கிறார். ஆஸ்பார்ன் 1964-இல் ஆசிரமத்துக்காக 'மவுண்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கினார். அதைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. என் மனைவி கல்யாணமான புதிதில் மூன்று வருஷம் அப்படித்தான் இருந்தாள். அவள் அந்த மூன்று வருஷமும் ஆடிக்கு மேல்மலையனூர் போனாள், நான் வந்த பிறகு போவதில்லை. (அந்த மூன்று பிள்ளைகளில் ஒருவர் ஆடம் ஆஸ்பார்ன். 1981-இல் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தவர். கம்ப்யூட்டர் வாத்தியார்கள் இதைப் பையன்களுக்குச் சொல்லலாம்.)

எனக்கு மிகவும் நெருக்கமாகப் பட்டவர் பிரெஞ்சுக்காரர் ஒருவர். ஹென்றி லெ சோ. கத்தோலிக்கத் துறவி. 1948-இல் இந்தியா வந்தார், 1949-இல் ரமணரைப் பார்த்தார், பார்த்ததிலிருந்து தூக்கம் போனது. மோன்ஷானேன் என்ற இன்னொரு பாதிரியாரோடு சேர்ந்து 1950-இல் குளித்தலைப் பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமம் தொடங்கினார். அபிஷிக்தானந்தா என்று பெயர் வைத்துக்கொண்டார். ஆனால் மலை விடவில்லை. 1952-இலிருந்து அடிக்கடி வந்து இங்கே குகைகளில் தங்கினார். இயேசுவையும் விட முடியவில்லை, குகையில் கிடைத்ததையும் விட முடியவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று மேடையில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். இருபது வருஷத்துக்கு மேல் நாட்குறிப்பில் தன்னோடு தானே மல்லுக்கட்டியிருக்கிறார். 1973-இல் இந்தூரில் இறந்தார். வந்த பிறகு ஒருமுறைகூடப் பிரான்சுக்குத் திரும்பிப் போகவில்லை.

காரை நிறுத்தச் சொல்வார் என்று சொன்னேனே, அந்த அம்மாவின் கைப்பையில் ஜெபமாலை இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஏம்மா, அவ்ளோ பெரிய கோயில் இருக்குது. நீங்க இன்னாத்துக்கு மலைய மட்டும் சுத்துறீங்க?" பத்துப் பன்னிரண்டு வருஷமாக இங்கே இருக்கிறவர், உடைந்த தமிழில் சொன்னார்: "கோயில்ல யாரு நீ, எந்த ஊரு, கேக்கிறாங்க. மலை கேக்காது." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எந்தக் கேள்விக்காகத் தீ மிதித்தேனோ, அந்தக் கேள்விக்குத் தப்பித்து இந்த அம்மா கடல் தாண்டி வந்திருக்கிறார்.

போன தை மாசம் ஏற்றி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

நிறம், மூக்கு, முடி எல்லாம் அப்படியே எங்கள் ஊர் ஆள். பேச்சு பிரெஞ்சு. ரீயூனியன் தீவுக்காரர், மொரீஷியஸுக்குப் பக்கத்தில். 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புக்கு ஆள் வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பல் ஏற்றினார்கள். 1882-இல் ஆங்கிலேயர் நிறுத்தும் வரை கப்பல்கள் போயின. இதே காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்கும் போனார்கள், முதல் கப்பல் 1860 நவம்பரில் டர்பனில் இறங்கியது. ஆர்க்காட்டு ஜில்லாக்கள் இரண்டும் இந்தக் கப்பல்களுக்கு ஆள் கொடுத்துத் தேய்ந்தவை. அன்றைக்குத் திருவண்ணாமலை தென்னார்க்காட்டில் இருந்தது.

அவர் கையில் ஒரு காகிதம், அதில் அந்த ஜில்லாப் பெயர் மட்டும். ஊர்ப் பெயர், எழுதிய குமாஸ்தாவின் கையெழுத்தில் அழிந்துபோயிருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தோடு பேசினோம். "பாண்டியாலே கோயில் எங்கே?" என்றார். பாண்டியன் கோயில் மதுரைப் பக்கம் என்றேன். இல்லை, பாண்டியாலே, நெருப்பு, நடப்பது என்று கையால் காட்டினார். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பாஞ்சாலி! ஐந்து தலைமுறை வாயில் உருண்டு உருண்டு பாஞ்சாலி பாண்டியாலே ஆகியிருக்கிறாள்.

அந்தத் தீவில் தமிழ் போய்விட்டது. பெரும்பாலானவர்களுக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கும், பாஸ்போர்ட்டில் புனிதர் பெயர்தான். இவரும் சர்ச்சில் கல்யாணம் செய்தவர். ஆனால் தீ மிதிப்பதற்குப் பதினெட்டு நாள் விரதம், பாரத யுத்தத்தின் கணக்கு. பாஷையை விட்டார்கள், பெயரை விட்டார்கள், குழியை மட்டும் விடவில்லை. இன்னும் தொலைவில் குவாதலூப் தீவில் மாரியம்மன் மாலியேமின் ஆகியிருக்கிறாள், மதுரைவீரனும் இருக்கிறான், கூடவே நாகூர் ஆண்டவருக்கு இந்துக்களே கொடி ஏற்றுகிறார்கள். கடல் தாண்டும்போது காப்பாற்றியவரை எந்த மதம் என்று யார் கேட்பார்கள்? சிங்கப்பூர் தெலுக் ஆயரில் 1830 வாக்கில் கட்டிய நாகூர் தர்கா இன்னும் இருக்கிறது, அந்தக் காலத்தில் கப்பலை விட்டு இறங்கினால் எதிரே கடற்கரையில் அதுதான். திரௌபதி கோயில்களில் காவலுக்கு முஸ்லிமான முத்தால ராவுத்தர் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய அதிசயம் இல்லை.

அவரை மேலச்சேரிக்கு அழைத்துப்போனேன். செஞ்சிப் பக்கத்தில் இருக்கிற பழைய திரௌபதி கோயில், இந்த வட்டாரத்தில் அம்மனுக்கு அதுதான் ஆதி இடம் என்று சொல்வார்கள். உச்சி வெயில். பூசாரியிடம் விஷயத்தைச் சொன்னதும் நடையைத் திறந்தார். அந்த மனுஷர் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, பாட ஆரம்பித்தார். மெட்டு நம்முடையது. வார்த்தை எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பூசாரி மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தவர், நடுவில் ஓரிடத்தில் கூடச் சேர்ந்துகொண்டார். இரண்டு வரிதான் இருக்கும். அப்புறம் இரண்டும் பிரிந்துவிட்டது.

கற்பூரம் காட்டி முடித்ததும் வெளியே வந்தார். வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டு, தன் தீவு எந்தப் பக்கம் என்று கேட்டார். அவருடைய அப்பா, தாத்தா, பாட்டன் எல்லாரும் அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். நான் சூரியனைப் பார்த்து, மலையைப் பார்த்து, குத்துமதிப்பாகத் தென்மேற்கைக் காட்டினேன். அம்மனுக்கு முதுகைக் காட்டி நின்று, அந்தப் பக்கமாக விழுந்து கும்பிட்டார்.